காந்தஹாரும் காலெலும்பும்

ஸ்விட்ஜர்லாந்தில் மூரென் என்று ஒரு மலைக் கிராமம் இருக்கிறது. அங்கே உள்ள சின்னஞ்சிறு ரயில் நிலையத்தின் அருகில் ஒரு நினைவுக் கல்லை நாட்டி வைத்திருக்கிறார்கள். 'ஸ்லாலம்' என்னும் வளைந்து நெளிந்து இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயத்தை 1922-ம் வருஷத்தில் இவ்வூரில் ஆரம்பித்து வைத்தவரும், மலையிறக்கப் பந்தயங்களுக்கான முதல் உலகப் போட்டியை 1931-ல் இங்கேயே நடத்தியவருமான ஆர்னால்டு லன் என்னும் ஆங்கிலேயரின் ஞாபகார்த்தமாக அந்தக் கல் நிற்கிறது. இதிலே நமக்கு என்ன சிரத்தை என்று நேயர்கள் கேட்கலாம். அந்த மனிதர் பிறந்த ஊர் லண்டனும் அல்ல, ஜெனீவாவும் அல்ல. 1888-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில், கத்திரி வெயிலுக்கு முந்திய புழுக்கத்தில், நம்முடைய சென்னைப் பட்டணத்தில் பிறந்தவர் அவர்!

பனி என்பதை மார்கழி மாதத்துக் கோலத்தின் மேல் படியும் ஈரமாக மட்டுமே அறிந்த ஊர் நம் ஊர். அந்த ஊரில் பிறந்த குழந்தை உலகத்துக்கே பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு விதி எழுதிற்று என்றால், அந்த இடத்தைப் பார்க்காமல் வரலாமா? அவருடைய தகப்பனார் கிறிஸ்துவ மிஷனைச் சேர்ந்த வைத்தியராக இங்கே வந்து, உடம்பு ஒத்துக்கொள்ளாமல் விரைவிலேயே திரும்பிவிட்டவர் என்பதையும், நம் ஊர் வெயிலுக்கு அதில் பங்கு உண்டு என்பதையும் இங்கே ஒத்துக்கொண்டு விடுகிறோம்.

சென்ற பிப்ரவரியில் நாங்கள் அங்கே போனோம். எங்களுடன் அக்காவும் அத்திம்பேரும் வந்திருந்தார்கள். அத்திம்பேர் உத்தியோகத்திலிருந்து சீக்கிரமே ஓய்வு பெற்றவர். எந்தக் காரியத்தில் இறங்கினாலும் அது சம்பந்தமான புஸ்தகங்களை எல்லாம் படித்துவிட்டுத்தான் இறங்குவார். சில வருஷங்களுக்கு முன் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் இரண்டு நாள் சறுக்குக் கட்டையைக் காலில் கட்டிக்கொண்டு நின்றிருக்கிறார். நின்றார் என்று சொல்வதுதான் பொருந்தும். இந்த இரண்டு நாள் பின்னால் எங்களுக்கு எவ்வளவு கஷ்டத்தை உண்டாக்கப் போகிறது என்பது அப்போது தெரியவில்லை.

இன்டர்லாக்கன் என்ற பட்டணத்திலிருந்து ரயில் ஒரு குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழைகிறது. அதன் பெயர் லவுட்டர்புருன்னன். இரு பக்கமும் சுவர் எழுப்பினாற்போலச் செங்குத்தான பாறைகள். ஒரு பாறையின் உச்சியிலிருந்து ஸ்டவுப்பாக் என்னும் அருவி ஏறக்குறைய 300 மீட்டர் உயரத்திலிருந்து விழுகிறது. நாங்கள் போனபோது அதில் பாதி உறைந்து, பாறையின் மேல் வெள்ளை வேட்டியை உலர்த்தினாற்போல ஒட்டிக்கொண்டிருந்தது. அங்கிருந்து கம்பியில் தொங்கும் வண்டியில் செங்குத்தாக ஏறி, மேலே போனதும் ஒரு குட்டி ரயிலில் மாறி உட்கார வேண்டும். அந்த ரயில் மலை விளிம்போடு ஊர்ந்து மூரெனுக்கு வந்து சேர்கிறது. மோட்டார் வண்டிகள் அந்தக் கிராமத்தில் ஓடுவதில்லை. ஆகவே ரயிலை விட்டு இறங்கியதும் காதில் விழும் முதல் சப்தம் நம் பூட்ஸின் கீழே பனி நொறுங்கும் சப்தம்தான். நிமிர்ந்து பார்த்தால் பள்ளத்தாக்குக்கு அப்பால் ஐகர், மோங்க், யுங்பிரௌ என்ற மூன்று சிகரங்கள் வரிசையாக நிற்கின்றன. யுங்பிரௌ 4158 மீட்டர் உயரம். அக்கா அதைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அத்திம்பேர் பார்க்கவில்லை. அவர் சறுக்குக் கட்டை வாடகைக்கு விடும் கடை எங்கே என்று தேடிக்கொண்டிருந்தார்.

சறுக்குக் கட்டைகளில் ரகங்கள் பல உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கட்டைக்கும் காலுக்கும் நடுவில் ஒரு யந்திரம் இருக்கிறது. 'பைண்டிங்' என்று அதைச் சொல்லுகிறார்கள். நாம் பூட்டு என்று சொல்லலாம். அதில் இரண்டு பாகங்கள் உண்டு. முன் பாகம் பூட்ஸின் மூக்கைக் கவ்விக்கொள்கிறது. பின் பாகம் குதிகாலை அமுக்கிப் பிடிக்கிறது. இரண்டுக்குள்ளும் வில் இருக்கிறது. கட்டையை ஓட்டும்போது கால் அதைவிட்டு அசையக்கூடாது. விழும்போதோ அது காலை உடனே விட்டுவிட வேண்டும். கால் பக்கவாட்டில் ஓர் அளவுக்கு மேல் முறுக்கப்பட்டால் முன் பூட்டு திறந்துகொள்ளும். உடம்பு முன்புறம் குப்புற வீசப்பட்டால் பின் பூட்டு திறந்துகொள்ளும். பிடித்திருப்பதும் விடுவதும் ஒன்றுக்கொன்று முரணான இரண்டு தொழில்கள். எந்த அளவில் பிடியை விட்டு விடுவது என்பதை ஒரு திருகாணி தீர்மானிக்கிறது. திருகாணிக்குப் பக்கத்தில் சின்ன ஜன்னலும் அதற்குள் ஓர் எண்ணும் இருக்கின்றன.

கடைக்காரர் வயதானவர், இங்கிலீஷ் நன்றாகப் பேசினார். அத்திம்பேர் அவரிடம் போனதுமே, இன்ன கம்பெனியின் பூட்டுத்தான் வேண்டும், அதிலும் 16 வரையில் எண் போட்ட பூட்டுத்தான் வேண்டும் என்று கேட்டார். பந்தயக்காரர்கள் அதைத்தான் உபயோகிக்கிறார்கள் என்று எங்கேயோ படித்திருந்தார். கடைக்காரர் "ஆகட்டும்" என்று தலையை ஆட்டிவிட்டு, ஒரு காகிதத்தையும் பேனாவையும் எடுத்து முன்னால் வைத்தார்.

எடை, உயரம், வயது, சறுக்கும் திறமை. இந்த நாலையும் பூர்த்தி செய்ய வேண்டும். ஐந்தாவதான பூட்ஸின் அடிநீளத்தை அவரே பார்த்து எழுதிக்கொள்வார். திறமையில் மூன்று வகுப்புகள். மெதுவாகவும் ஜாக்கிரதையாகவும் போகிறவர் முதல் வகுப்பு. வேகமாகவும் செங்குத்தான சரிவிலும் போகிறவர் மூன்றாம் வகுப்பு. இரண்டுக்கும் நடுவில் இருப்பவர் இரண்டாம் வகுப்பு. கீழே கையெழுத்துப் போட வேண்டும்.

அத்திம்பேருக்கு வயது 54. அவர் 48 என்று எழுதினார். அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, "உள்ளதைத்தான் எழுதுங்களேன், இங்கே என்ன, பெண் பார்க்கவா வந்திருக்கிறோம்?" என்று தமிழில் சொன்னாள். அத்திம்பேர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. திறமை என்ற இடத்தில், குல்மார்க்கில் நின்ற அந்த இரண்டு நாளை உத்தேசித்து, இரண்டாம் வகுப்பு என்று எழுதினார்.

அவரைக் குற்றம் சொல்ல எங்களுக்கு யோக்கியதை இல்லை. எங்களில் ஒருவருக்கு எடை 70 கிலோ. பின்னால் வரிசையில் நாலைந்து அன்னிய தேசத்தார் நின்றுகொண்டிருந்தார்கள். பேனா தானாகவே 60 என்று எழுதிவிட்டது.

கடைக்காரர் ஓர் அட்டவணையைப் பார்த்து அத்திம்பேருக்கு ஐந்தரை, எங்களில் எடை குறைந்து போனவருக்கு நாலரை என்று திருகாணியைத் திருப்பினார். பூட்டு என்னவோ மூன்றிலிருந்து பத்து வரையில் எண் போட்ட சாதாரணப் பூட்டுத்தான். அத்திம்பேருக்கு முகம் விழுந்துவிட்டது. அவரைச் சமாதானம் செய்வதற்காகவோ என்னவோ, கடைக்காரர் சுவரில் மாட்டியிருந்த பழைய மரக் கட்டை ஒன்றை எடுத்துக் காட்டினார். அதன் நடுவில் கம்பிச் சுருளும் நெம்புகோலுமாக ஒரு பூட்டு இருந்தது. "இதன் பெயர் காந்தஹார்" என்றார்.

நாங்கள் திடுக்கிட்டோம். ஆப்கானிஸ்தானத்துக் காந்தஹார் ஆல்ப்ஸ் மலையில் ஒரு கடைச் சுவரில் தொங்குவானேன்?

அது ஒரு கதை. கான்பூரில் பிறந்து, இந்தியாவில் வெள்ளைக்காரரின் சேனைகளை நடத்தி, நாலு வருஷம் நம் சென்னை ராஜதானியின் சேனைக்கும் தலைவராக இருந்தவர் ராபர்ட்ஸ் என்னும் தளபதி. 1880-ம் வருஷம் காபூலிலிருந்து காந்தஹாருக்குப் பத்தாயிரம் பேரை மூன்று வாரத்தில் நடத்திக்கொண்டு போய் ஜயித்ததனால் அவருக்குக் காந்தஹார் பிரபு என்ற பட்டம் கிடைத்தது. அந்தப் பத்தாயிரம் பேரில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள். பட்டம் ஒருவருக்கே கிடைத்தது என்பதை வாசகர்கள் கவனிப்பார்களாக. 1911-ல் ஸ்விட்ஜர்லாந்தில் நடந்த ஒரு பனிச்சறுக்குப் பந்தயத்துக்கு அவர் பெயரால் ஒரு கோப்பை வைத்தார்கள். காந்தஹார் கோப்பையிலிருந்து காந்தஹார் சங்கம் பிறந்தது. 1924-ல் இந்த மூரெனில் அதை ஸ்தாபித்தவர்களில் முக்கியமானவர் சென்னையில் பிறந்த லன். சங்கத்தின் பந்தயங்களிலிருந்து அந்தப் பூட்டுக்குப் பெயர் வந்தது. ராயிஜ் என்ற ஸ்விஸ் குடும்பத்தார், சாவி கொடுத்தால் பாடும் சங்கீதப் பெட்டிகளைச் செய்து பேர் பெற்றவர்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த கீடோ ராயிஜ் என்பவர் 1929-ஐ ஒட்டி இந்தக் கம்பிப் பூட்டைச் செய்தார். ஆகக் காபூலிலிருந்து நடந்த சிப்பாய்களின் கால்வலி, ஐம்பது வருஷம் கழித்து, ஐரோப்பாவில் பனியில் சறுக்குகிறவர்களின் கால்களுக்கு வந்து சேர்ந்தது.

அந்தப் பூட்டு சாதித்த காரியம் சாமானியமானது அல்ல. அதற்கு முன்னால் குதிகாலைக் கட்டையோடு இறுக்குவதே பெரும்பாடு. நார்வே தேசத்தில் டெலிமார்க் ஜில்லாவில் மார்கெடால் என்னும் கிராமத்தில் ஸோண்ட்ரே நார்ஹைம் என்ற ஏழைக் குடியானவர், முறுக்கிய மரக்கொடியைக் குதிகாலைச் சுற்றிக் கட்டிக்கொண்டு குதித்தும் வளைந்தும் காட்டியபோது, 1868-ல் தலைநகரத்து ஜனங்கள் பிரமித்துப் போனார்களாம். அதுவரையில் கட்டையைக் காலோடு சேர்த்தது பெருவிரலுக்கு மேலே போட்ட ஒரு வார் மட்டும்தான். பிற்பாடு அவர் அமெரிக்காவுக்குக் குடியேறி 1897-ல் அங்கேயே காலமானார். மரக்கொடிக்குப் பிறகு தோல்வாரும் உலோகத் தகடும் வந்தன. காந்தஹார் பூட்டில் ஒரு கம்பி குதிகாலைச் சுற்றி வரும். கட்டையின் இரு பக்கத்திலும் உள்ள கொக்கிகளில் அந்தக் கம்பியை மாட்டினால் குதிகால் கீழே அழுந்தி நிற்கும். கீழ் நோக்கிச் சறுக்கலாம். கொக்கியிலிருந்து எடுத்துவிட்டால் குதிகால் எழும்பும்; மேட்டில் நடந்து ஏறலாம். மலையிறக்கப் பந்தயம் வளர்ந்ததற்கு இந்தப் பூட்டும் ஒரு காரணம்.

ஆனால் அதற்குப் பிடிக்கத்தான் தெரியும், விடத் தெரியாது. "என் தகப்பனார் இரண்டு தடவை காலை முறித்துக்கொண்டார். இரண்டு தடவையும் அவர் காலில் இருந்தது இதுதான்" என்று கடைக்காரர் அந்த மரக்கட்டையைத் தட்டிக் காட்டினார். கட்டை நீளமானது, பனியில் அதன் நுனி மாட்டிக்கொண்டால் அதுவே ஒரு நெம்புகோல். மனிதன் ஒரு பக்கம் திரும்ப, கட்டை ஒரு பக்கம் நிற்க, நடுவில் இருக்கும் முழங்கால் எலும்புதான் ஏதாவது ஒரு தீர்மானத்துக்கு வர வேண்டும்.

இதற்கு மாற்றுக் கண்டவர்கள் பண்டிதர்கள் அல்ல, கால் முறிந்தவர்கள். ஹ்யால்மர் ஹ்வாம் என்ற நார்வேக்காரர் அமெரிக்காவில் ஆரிகன் மாகாணத்தில் குடியேறிப் பந்தயங்களில் ஜயித்து வந்தவர். அவர் 1937-ல் காலை முறித்துக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, முறுக்கினால் விட்டுவிடும் முன் பூட்டு ஒன்றை மனத்திலே கற்பனை செய்தார். பிரான்ஸில் ழான் பெய்ல் என்பவரும் காலை முறித்துக்கொண்டுதான் ஞானம் பெற்றார். 1950-ல் அவருடைய பூட்டு வெளிவந்தது. கொஞ்ச காலத்துக்குள் ஜெர்மனியில் ஹன்னெஸ் மார்க்கர் தம்முடையதைக் கொண்டுவந்தார். இன்றைக்குக் கடைகளில் உள்ள எல்லாப் பூட்டுகளும் இவர்களுடைய சந்ததிகள். லன்னின் கதையும் இதற்குத் தூரமானது அல்ல. 1909-ல் வேல்ஸ் தேசத்து மலை ஒன்றிலிருந்து விழுந்து அவருக்குக் கால் முறிந்தது. ஒரு கால் மற்றதைவிடக் குட்டையாகவே ஒட்டிக்கொண்டது. அந்தக் காலோடுதான் அவர் மூரென் சரிவுகளில் சறுக்கினார்.

இவ்வளவையும் கேட்டுவிட்டு நாங்கள் சரிவுக்குப் போனோம். கிராமத்தை ஒட்டினாற்போல, குழந்தைகளும் புதியவர்களும் பழகுவதற்கென்று ஒரு சாய்வான மைதானம் இருக்கிறது. பூட்ஸின் அடியில் ஒட்டிய பனியைச் சுரண்டிவிட்டு, முதலில் மூக்கை நுழைத்து, பிறகு குதிகாலை அமுக்கினால் 'டக்' என்று பூட்டிக்கொள்கிறது. அந்தப் பனியைச் சுரண்ட மறந்தால் பூட்டு அரைகுறையாகக் கவ்வும். திருகாணியில் எந்த எண் இருந்தும் பிரயோஜனமில்லை. இதை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஆறு வயதுள்ள ஒரு ஸ்விஸ் சிறுவன். எங்கள் பூட்ஸைத் தன் கையிலுள்ள கோலால் தட்டிச் சுரண்டி, பேசாமல் போய்விட்டான்.

எங்களில் ஒருவருடைய கட்டை திருப்பத்துக்குத் திருப்பம் கழன்று விழுந்தது. விழுந்த கட்டை பள்ளத்தை நோக்கி ஓடிவிடாமல் இரண்டு சிறு கரங்கள் பனியில் ஊன்றித் தடுக்கின்றன. அது இல்லாவிட்டால் அன்று கட்டை எத்தனை தடவை பள்ளத்தாக்கின் அடிக்குப் போயிருக்கும் என்று சொல்ல முடியாது. நாலாவது தடவை விழுந்து எழுந்தபோது, "இந்தக் கம்பெனிப் பூட்டு மட்டம்" என்று தீர்மானித்துவிட்டோம். அத்திம்பேரும் அதை ஆமோதித்தார். "நான் கேட்டதைக் கொடுத்திருந்தால் இப்படி ஆகுமா?" என்றார். அவருடைய பூட்டு ஒரு தடவைகூடக் கழலவில்லை. அது அவருக்குப் பெருமையாக இருந்தது.

பகல் சுமார் 12 மணிக்கு அவர் விழுந்தார். வேகமாக வந்து விழவில்லை. நடக்கிற வேகம்கூட இல்லை. ஒரு குழந்தைக்கு வழிவிட ஒதுங்கினார். ஒரு கட்டையின் உள் விளிம்பு பனியில் பதிந்து நின்றுவிட்டது. உடம்பு மெதுவாகப் பின்னால் சாய்ந்து திரும்பிற்று. பஞ்சு மூட்டை சாய்வது போலத்தான் இருந்தது. கட்டை காலை விட்டுக் கழலவே இல்லை. அத்திம்பேர் கத்திய கத்தல் யுங்பிரௌவுக்குக் கேட்டிருக்கும். அக்கா பனியில் விழுந்து விழுந்து ஓடினாள். எங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஐந்து நிமிஷத்துக்குள் சிவப்புச் சட்டைக்காரர் இருவர் பனியில் இழுக்கும் படுக்கை வண்டியோடு வந்தார்கள். அக்கா அவர் தலைமாட்டில் நடந்துகொண்டே ஒரு வார்த்தையும் பேசவில்லை. காலையில் அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொன்னதை இப்போது சொல்லிக் காட்டாமல் இருந்ததற்காக அவளிடம் எங்களுக்கு ஏற்பட்ட மரியாதை கொஞ்சநஞ்சம் அல்ல.

டாக்டர் முழங்காலை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார். அந்தச் சில நிமிஷங்கள் நீண்டுகொண்டே போயின. முழங்காலுக்குள்ளே குறுக்காக ஓடும் ஒரு தசைநார் இருக்கிறது. அது அறுந்தால் சஸ்திர சிகிச்சை, பல மாதத்துக்குத் தடி, பிறகும் பழைய கால் திரும்பி வருமென்று உறுதி இல்லை. நல்ல வேளையாக அது அறுந்திருக்கவில்லை. பக்கத்துத் தசைநார் சுளுக்கிக்கொண்டிருந்தது. கட்டுப் போட்டு, பனிக்கட்டி வைத்து, மூன்று நாள் காலை நீட்டிப் படுத்திருக்கச் சொன்னார்.

அவர் சொன்ன மற்றொரு விஷயம் எங்களுக்குப் புதிது. விடுவிக்கும் பூட்டுகள் நன்றாக அமைந்து, அளவுகளும் ஒழுங்குபட்ட பிறகு, முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து வருகிறவர்கள் வெகுவாகக் குறைந்துவிட்டார்கள். ஆனால் முழங்காலுக்குள் இருக்கும் அந்தத் தசைநாரைக் காப்பாற்றுவதாக எந்தப் பூட்டும் வாக்குக் கொடுப்பதில்லை. பின்னால் சாய்ந்தபடி மெதுவாக முறுக்கி விழும்போது, சரியாகத் திருகிய பூட்டுக்கூடச் சில சமயம் விடாது. "அப்படியானால் எண் எதுவாக இருந்தால் என்ன?" என்று கேட்டோம். "சரியான எண்ணில் உங்களுக்குக் கொஞ்சம் சந்தர்ப்பம் உண்டு; தப்பான எண்ணில் அதுவும் இல்லை" என்றார். பிறகு, "இவருக்குப் பூட்டு எத்தனையில் இருந்தது?" என்று விசாரித்தார். ஐந்தரை என்றோம். அவர் அத்திம்பேரின் வெளுத்த மீசையையும், மேஜைமேல் இருந்த பாஸ்போர்ட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

சாயங்காலம் நாங்கள் கட்டைகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். முதலில் சண்டை போடுவதாகத்தான் உத்தேசம். ஒரே கம்பெனிப் பூட்டு ஒருவருக்குக் கழன்றுகொண்டே இருக்கிறது, இன்னொருவருக்குக் கழலவே மாட்டேன் என்கிறது. இது என்ன நியாயம் என்று கேட்கலாம் என்று வாசற்படி வரையில் பேசிக்கொண்டே போனோம். கேட்க வாயெடுத்தபோதே அந்தக் கேள்விக்குள் பதில் இருப்பது எங்களுக்கு விளங்கிவிட்டது. மெதுவான குரலில் 70 கிலோ என்றோம். அத்திம்பேருக்கு 54 வயது என்றும், குல்மார்க்கில் இரண்டு நாள்தான் என்றும் சொன்னோம்.

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை, ஆச்சரியப்படவும் இல்லை. அட்டவணையை எங்கள் பக்கம் திருப்பி வைத்து விரலால் காட்டினார். எடையும் உயரமும் ஒரு வரியைக் கொடுக்கின்றன. பூட்ஸின் அடி நீளமாக இருந்தால் நெம்புகோலும் நீளம். ஆகவே எண் குறையும். இரண்டாம் வகுப்பு என்றால் ஒரு வரி கீழே, கடினமான பக்கம். மூன்றாம் வகுப்பு என்றால் இரண்டு வரி. வயது ஐம்பது ஆகிவிட்டால் ஒரு வரி மேலே, இளகிய பக்கம். அத்திம்பேருடைய உண்மையான எண் மூன்றரை. அவர் மறைத்த வயதும் கூட்டிச் சொன்ன திறமையும் சேர்ந்து அதை ஐந்தரை ஆக்கியிருந்தன. எங்களில் ஒருவர் மறைத்த பத்துக் கிலோவோ ஐந்தரையாக இருக்க வேண்டியதை நாலரை ஆக்கிக் கட்டையைக் கழற்றிவிட்டிருந்தது.

"அவர் கேட்ட 16 எண் பூட்டு?" என்றோம். உள்ளே போய் ஒன்றை எடுத்து வந்து ஜன்னலைக் காட்டினார். அதில் எண் ஆறிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. அத்திம்பேரின் மூன்றரை அதில் இல்லவே இல்லை! மணிக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் வரும் பந்தயக்காரனுக்கு நடுவழியில் பூட்டுத் திறந்துகொண்டால் அதுவே உயிருக்கு ஆபத்து. ஆகையால் அவனுக்கு அது வேண்டும். மூரெனுக்கு மேலே 2970 மீட்டர் உயரமுள்ள ஷில்த்ஹார்ன் சிகரத்திலிருந்து வருஷந்தோறும் 'இன்ஃபெர்னோ' என்று ஒரு பந்தயம் நடக்கிறது. பெயருக்கு நரகம் என்று அர்த்தம். 1928-ல் பதினேழு பேருடன் ஆரம்பித்தது. இப்போது ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் ஓடுகிறார்கள். பனி போதுமானால் ஏறக்குறைய 15 கிலோமீட்டர் இறங்கிப் பள்ளத்தாக்கின் அடி வரையில் போவார்கள். அவர்களுடைய பூட்டைக் கிராமத்து மைதானத்தில் மாட்டிக்கொள்ள ஆசைப்படுவது, பட்டாளத்துப் பீரங்கியைக் கொலுவில் வைப்பது போலத்தான்.

எந்தக் கம்பெனி என்பது முக்கியமா என்று அவரிடம் நேராகவே கேட்டோம். பெயர் பெற்ற நாலைந்து கம்பெனிகளில் யாருடையது ஆனாலும் எங்களைப் போன்றவர்களுக்கு ஒன்றுதான் என்றார். அவர் மூன்று விஷயங்களைத்தான் பார்ப்பாராம். வாடிக்கைக்காரரின் எண், பூட்டின் எண் வரிசையில் நடுவாந்தரமாக விழ வேண்டும். ஒரு கோடியில் ஒட்டிக்கொண்டு நிற்கக்கூடாது. பூட்ஸின் அடிப்பாகத்துக்கும் பூட்டுக்கும் பொருத்தம் இருக்க வேண்டும். நடப்பதற்கு இசைவாக வளைந்த அடிப்பாகம் உள்ள புதுவகைப் பூட்ஸைப் பழைய பூட்டில் திணித்தால், மாட்டிக்கொண்டதாகத் தோன்றினாலும் விட வேண்டிய சமயத்தில் விடாது. மூன்றாவது, மலையில் தாமே நடந்து ஏறுகிறவரா, கம்பி வண்டியில் ஏறி இறங்க மட்டும் செய்கிறவரா என்பது. ஏறுகிறவர்களுக்கு இரண்டு சிறிய ஊசிகளால் பூட்ஸின் மூக்கைப் பிடித்துக் குதிகாலை எழும்பவிடும் லேசான பூட்டு ஒன்று இருக்கிறது. பிரிட்ஸ் பார்த்தெல் என்ற ஆஸ்திரியர் 1980-களில் செய்தது. மலை ஏறுவதற்கு அது வரப்பிரசாதம். எங்களுக்கு அதனால் ஒரு லாபமும் இல்லை. "மற்றதெல்லாம் வர்ணம்" என்று சொல்லிவிட்டு, அவர் திருகாணியைத் திருப்பினார்.

மறுநாள் முதல் எங்கள் கட்டை காரணமில்லாமல் கழலவில்லை. விழுந்தபோது கழன்றது, மற்றபோது காலோடு இருந்தது. அத்திம்பேர் ஹோட்டல் ஜன்னலோரத்தில் காலை நீட்டிக்கொண்டு யுங்பிரௌவை முதல் தடவையாக நன்றாகப் பார்த்தார். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக் கொடுத்தாள். நாலாம் நாள் டாக்டர் நடக்க உத்தரவு கொடுத்தார்; சறுக்க உத்தரவு கொடுக்கவில்லை. ஆயினும் அத்திம்பேர் தடியை ஊன்றிக்கொண்டு எங்களுடன் கடைக்கு வந்தார். புதிய காகிதம் ஒன்றைக் கேட்டு வாங்கி 54 என்றும், முதல் வகுப்பு என்றும் எழுதி, கையெழுத்தும் போட்டார். அடுத்த தடவை வரும்போது தேவைப்படும் என்றார். கடைக்காரர் அதை மறுக்காமல் வாங்கி மேஜைக்குள் வைத்துக்கொண்டார். எடையும் வயதும் மாறிக்கொண்டே இருப்பதால், ஒவ்வொரு பனிக்காலத்திலும் புதிதாகத்தான் எழுத வேண்டும் என்று எங்களிடம் மட்டும் தனியாகச் சொன்னார்.

நாங்கள் புறப்பட்ட காலையில், திருப்பிக் கொடுத்த எங்கள் கட்டைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். உயரமான ஒரு பெண்மணி தன் சிறு பெண்ணுடன் உள்ளே வந்தாள். தாய் 62 கிலோ என்று சொல்லி, ஒரு நிமிஷம் யோசித்து, 65 என்று திருத்தினாள். சிறு பெண்ணைத் தராசில் ஏற்றினார்கள், 19 கிலோ. அவளுக்கென்று ஒரு குட்டிக் கட்டையை எடுத்து, ஜன்னலில் ஒன்று என்ற எண் வரும்வரையில் கடைக்காரர் திருகாணியைத் திருப்பினார். அவள் அதைக் குனிந்து பார்த்துவிட்டு, தனக்கு முதல் ராங்கு கிடைத்துவிட்டதாகத் தாயாரிடம் சொல்லிக்கொண்டு வெளியே ஓடினாள். ரயில் மணி அடித்தது. நாங்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு, அத்திம்பேரை முன்னால் விட்டு, அந்த நினைவுக் கல்லைத் தாண்டி நிலையத்துக்குள் போனோம்.